லீவு கேட்ட நேரம்

ஷார்ஜா

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். மூட்டுவலி தேவலாமா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

ரூம்ல கூட இருக்குற கூத்தாநல்லூர் ஜமாலோட வீடியோ கேம்ல பாஸ்னு வர்ற ஒரு பெரிய வில்லன்கிட்ட நாப்பது தடவை செத்தேன். "பறக்காதடா, மூணு அடி அடிச்சிட்டு மூச்சு வாங்குவான், அப்ப போடு"ன்னான் ஜமால். காத்திருந்து போட்டேன், விழுந்துட்டான்.

அதே மாதிரி சூப்பர்வைசர் எல்லாரையும் திட்டி முடிச்சு டீ குடிக்கிறப்ப, இந்த மாசம் நடக்குற தங்கச்சி அனிட்டா கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். "அடுத்த மாசம் போ, பொண்ணு எங்கயும் ஓடிடாது"ன்னு சிரிச்சார். எனக்குக் கோவம்கூட வரலை.

கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சா? தாலி கட்டுறப்ப வீடியோ கால் போடுங்க. ஜமால் ஊருக்குக் கிளம்பி வாசல்ல நின்னு கத்துறான், இந்த லெட்டரை அவன்தான் கொண்டாரான். எனக்கு எடுத்த சட்டையைத் தம்பி லியோ போட்டுக்கட்டும். கை நீளமாத்தான் இருக்கும், மடிச்சு விடுங்க.

ரீகன்