துரைக்காகப் போட்ட பூட்ஸ்

ஆடி 14, வியாழன்.

மருமகன் முனுசாமிக்கு மில்லில் வேலை கிடைத்ததே மில் அணியின் நடு வரிசையில் கால்பந்து ஆடுவதால்தான். வெறுங்காலில் ஆடிப் பழகியவன். இன்று பூந்தமல்லி மைதானத்துக்குத் துரை வருகிறார் என்று, பந்தையே தொட்டறியாத அணிக் காரியதரிசி எல்லோருக்கும் பூட்ஸ் மாட்டிவிட்டார். முனுசாமி வழுக்கி வழுக்கி விழுந்தான். தோற்றோம்.

"நாளைலேர்ந்து மில்லுக்கு வராதே" என்றார் காரியதரிசி முனுசாமியிடம்.

"வெறுங்கால்ல ஆட உட்டுப் பாரு சார், அப்பால சொல்லு."

"துரை முன்னால வெறுங்காலா? மானம் போவும்டா!"

தோற்றதில் போகாத மானம்! இந்த மூளைக்குச் சம்பளம் வேறு.

"நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க" என்று காரியதரிசி என்னிடம் திரும்பினார். படித்த நான், "தங்கள் இஷ்டம்" என்றேன். என்னைவிட அந்த முட்டாளே மேல்.

மகளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவன் கால் கொப்புளங்களுக்கு மஞ்சள் அரைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் ஆறிவிடுமாம்.