அம்மா எங்கே?

என்னங்க,

கர்த்தர் கிருபையால் இங்கே டெல்லியில் நலமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா சாப்பிடுகிறாளா?

ஆஸ்பத்திரியில் இப்போது குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. "அம்மா எங்கே?" என்று கேட்டால் குழந்தை கைகாட்ட வேண்டும். நேற்று ஒரு வாண்டு என்னைக் காட்டிவிட்டது! அதன் அம்மாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நம் நிஷாவிடம் நீங்களும் கேட்டுப் பார்த்துவிட்டு, "போனைத்தான் காட்டிக்கினு கீது மேரி, நான் இன்னா பண்றது?" என்று வீடியோ காலில் சொன்னீர்களே. அவளைத் திருத்தாதீர்கள். அது சரியான பதில்தான்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. மழை வந்தால் மானாம்பதியில் கரண்ட் போய்விடும், முன்னாடியே போனைச் சார்ஜ் போட்டுவிடுங்கள். அவள் கைகாட்டும்போது நான் அதில் இருக்க வேண்டும்.

உங்கள்
பாக்கியமேரி