படிவத்தின் பின்பக்கம்

என் அன்பான கண்காணிப்பாளருக்கு,

நீ நிரப்பி அனுப்பிய முகாம் படிவத்தின் பின்பக்கத்திலேயே இதை எழுதுகிறேன். "தண்ணீரில் இறங்கக் கூடாத பிள்ளைகள்" என்ற கட்டத்தில் என் பெயர்! நாற்பத்தாறு வயதுப் பிள்ளை.

காலையில் அப்பாக்களும் பிள்ளைகளும் பீப்பாய்களைக் கட்டித் தெப்பம் செய்தோம். நான் ஏறப்போனபோது முகாம் தலைவர் யெல்லெ இந்தப் படிவத்தை நீட்டினார். "நீங்க கரையில உருளைக்கிழங்கு உரிங்க. வீட்டம்மா உத்தரவு." மற்ற அப்பாக்கள் விடுவார்களா? "அழக்கூடாது தம்பி, அம்மாவுக்குப் போன் போட்டுத் தரோம்!" நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதானே.

நம் ஃபென்னா சிரிக்கவில்லை. "முடிச்செல்லாம் நான் போட்டதுப்பா, அவுழாது, வா," என்றாள். பிறகு வேறொரு அப்பாவோடு ஏரிக்குள் போனாள்.

என் கோபம் அதற்கல்ல. என் பெயருக்குக் கீழே, "இதயம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்ததும், "எல்லாம் சரியாயிடுச்சு" என்றாயே! முன்பின் தெரியாத யெல்லெவிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? அது என் இதயமடி.

நாளை மாலை வந்துவிடுவேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் உன் வாயால் சொல். நான் சிரிக்க மாட்டேன்.

கரையில் நிறுத்தப்பட்ட
உன் மூத்த பிள்ளை