சொல்லிக்கொண்டு கிளம்பினேன்

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தலை இன்னும் காயவில்லை. உன் தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தி என் முந்தானையில் சொட்டியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இனித் தேய்க்கத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

என் மாமனார் காலமான அன்று சாந்தோமிலிருந்து வெயிலில் நடந்தே வந்தாய். பக்கத்து வகுப்பு டீச்சர் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் உன்னை யாருக்கும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பிறகு வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "போயிட்டு வரேங்க" என்றாய்.

சாவு வீட்டில் எங்களவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மறுபடி ஒரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம். எழுந்து பேசாமல் போய்விடுவார்கள். ரங்கூனில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் வளர்ந்த உனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? "யாருடி இவளை உள்ள விட்டது?" என்று என் மாமியார் கத்தினார். உன் முகம் செத்துப்போயிற்று. அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே நீ வரவில்லை. பள்ளியிலும் தனியாகவே சாப்பிட்டாய். நீ எதுவும் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

உன் அம்மா இறந்தபோது நான் வந்தேன். உன் பக்கத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு, எங்கள் வழக்கப்படி பேசாமல் தெருவில் இறங்கினேன். செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடி வந்தாய்.

"ஒரு வார்த்தை சொல்லாம போறியே, அவ்ளோ கோவமா என்மேல?"

"கோவமா? சாவு ஆத்துல சொல்லிண்டு கிளம்பப்படாதுடி. அதுதான் எங்க மரியாதை."

"அப்ப அன்னிக்கு உங்க மாமியார் கத்தினது இதுக்குத்தானா? வேதக்காரி உள்ள வந்துட்டேன்னு கத்தினாங்கன்னு இல்ல நெனச்சேன்!"

நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டே சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. நான் போனா நீ சொல்லிட்டுத்தான் போகணும்" என்றாய்.

இன்று உன் வீட்டில் எழுந்தேன். பழக்கதோஷம், கால் தானாகவே வாசல்வரை போய்விட்டது. திரும்பி வந்து, உன் காதருகே குனிந்து, "போயிட்டு வரேன்டி" என்றேன். நம் பள்ளிக்கூட ஆயா பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்தாள்: "இன்னாம்மா, சாவு ஊட்ல போயி இப்பிடி சொல்லிக்கினு!"

தினமும் பள்ளி விட்டு, குளத்து முனையில் நாம் பிரியும்போது இதையேதான் சொல்வேன். "பாத்துப் போடி" என்பாய். இன்று நீ அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, குளித்தும் ஆயிற்று. ஆனாலும் நான் இன்னும் உன் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.