கோழிக்குப் போட்ட தவிடு

என் ஆசை அண்ணிக்கு,

நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் உங்களோடு சண்டை போட ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. பதில் பேச முடியாத ஆளோடு சண்டை போடுவது எனக்கு வசதிதான். ஒரு தடவையாவது நான் ஜெயிப்பேன் அல்லவா?

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் தொடங்கிய விஷயம் அது. அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் குருண் பக்கத்தில் நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தீர்கள். நான் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு, கூலி ஆட்களின் லயத்தை விட்டு மேட்டு வீட்டுக்கு ஏறியிருந்தேன். கால் தரையில் பாவாத காலம் அது.

லயத்தில் எல்லோருக்கும் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. என் வீட்டுக்கு மட்டும், என் கூறைச் சேலைகளைக் கொடுத்து, மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து நெல் வந்தது. உமி போகும் அளவுக்கு மட்டும் குத்தினால் போதும், தவிட்டைத் தள்ளாதே, தள்ளினால் பெரிபெரி வியாதி வரும் என்று ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரெசர் சொன்னதை நீங்கள் மெனக்கெட்டு வந்து சொன்னீர்கள். நான் கேட்டேனா? கிராணி வீட்டுச் சோறு பழுப்பாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் கவலை. மூன்று தடவை தீட்டி, பூப்போல வடித்து, கஞ்சியையும் கொட்டினேன். தவிடு கோழிக்குப் போனது. என் வீட்டுக்காரர் ஆபீஸில் பச்சைப்பயறு அவித்துத் தின்றதால் தப்பித்தார். எனக்குப் பயறு பிடிக்காது.

கால் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியபோது நீங்கள்தான் பார்க்க வந்தீர்கள். "ஒங்க வீட்டுக் கோழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீதான் வீங்கிப் போய்க் கெடக்கிற" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அன்றைக்கே மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள்.

அங்கே அடுத்த கட்டிலில் ஐந்தாவது லயத்து முனியம்மா கிடந்தாள். அவளுக்கும் அதே வியாதிதான். புருஷன் இல்லை, கிழங்கைத் தவிர வேறு எதையும் மாதக்கணக்கில் கண்ணால் பார்க்காதவள், பக்கத்தில் கைக்குழந்தை. பெரிபெரிக்கான ஊசி மருந்து அலமாரியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

யாருக்குப் போடலாம் ஆயா என்று டிரெசர் உங்களைக் கேட்டார். பாவம் மனுஷர், அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்க முடியவில்லை அவருக்கு. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "இது எங்க வீட்டுப் பொண்ணுங்க ஐயா."

நான் மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்தீர்கள். இல்லை அண்ணி. எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்கே போடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு உயிர்மேல் ஆசை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

முனியம்மா மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். நீங்கள் அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டீர்கள். செல்வி என்று பேர் வைத்தீர்கள். தினமும் தவிட்டை வறுத்து, தேங்காய் துருவிப் போட்டு உருண்டை பிடித்து வந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா? எனக்காக நீங்கள் செய்த பாவத்தை அந்தப் பிள்ளையை வளர்த்துக் கழித்தீர்களா, அல்லது அவள்மேல் இருந்தது வெறும் பாசம்தானா? கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். என் பெரியவனுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அங்கே நர்ஸாக இருப்பது நம் செல்விதான். போன வாரம்கூட அவன் இரத்தம் சுத்தம் செய்யப் போகிற வழியில் சீனி தூக்கலாகப் போட்ட பால் தே இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு வந்தான். செல்வி அவனைத் திட்டவில்லை. வெளியே காத்திருந்த ஒரு மலாய்ப் பெண்ணையும் அவள் மகனையும் எனக்குக் காட்டினாள்.

"அந்தப் பையனுக்கு பொறவியிலயே கோளாறு அத்தை, அவன் எதையும் தின்னு கெடுத்துக்கல. கட்டில் இல்லாம காத்துக்கிட்டு கெடக்கான்லா. ஒங்க பெரியவரு வாயக் கட்டியிருந்தா அவனுக்கு ஒரு எடம் கெடச்சிருக்கும்."

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஊசியைப் பற்றி நீங்கள் அவளிடம் சொல்லாமலே போய்விட்டீர்கள் அண்ணி. அவளிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனதுதான் என் சண்டை.

வெள்ளிக்கிழமை செல்வி வீட்டுக்கு வருகிறாள். அவளைப் பெற்றவளுக்கு வரவேண்டிய மருந்து இந்தக் கையில்தான் ஏறியது என்று சொல்லிவிடுவேன். உங்கள்மேல் பழி விழ விடமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டவள் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை அத்தை என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

என்றும் உங்கள் நாத்தனார்,
ராஜம்மா