எதிர்க் கொட்டகையின் மேடைப் பலகைகளை மீட்டுத் தரக் கோருவது

அனுப்புநர்:
இசை அரங்க உரிமையாளர்,
கதவு எண் 12.

பெறுநர்:
பொது அரங்குகளின் ஆய்வு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எதிர்ப்புறம் என் தம்பி நடத்தும் கச்சேரிக் கொட்டகையை மூடுவது, அங்குள்ள மேடைப் பலகைகளை எனக்குத் திரும்பப் பெற்றுத் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனது அரங்கில் அறுநூறு மெத்தை இருக்கைகள், குளிர்சாதன வசதி, சுவரெங்கும் ஒலி உறிஞ்சும் பஞ்சுத் தகடுகள், பளிங்கு மேடை ஆகியவை உள்ளன. குறைபாடு ஏதுமில்லை என்று தங்கள் அலுவலகமே சான்றளித்துள்ளது. அத்தகைய அரங்கில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

2. எதிரே, மூடிப்போன ஓர் அச்சகத்தின் கொட்டகையில் தம்பி கச்சேரி நடத்துகிறான். அங்கே ஒரு நாற்காலியைப் போல் இன்னொன்று இல்லை. நட்டநடுவில் தூண். முன்வரிசையில் கால் நீட்டினால் மேடையில் இடிக்கும். மழை வந்தால் தகரக் கூரை பேயாட்டம் போடுகிறது. வாசிப்பவர்கள் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள், கேட்க வந்தவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். இதற்கு எந்த விதியின் கீழ் அனுமதி தரப்பட்டது என்று அறிய விரும்புகிறேன்.

3. ஆதாரம் சேகரிப்பதற்காக மட்டுமே பதினொரு முறை அங்கே சென்று, தூணுக்குப் பின்னால் அமர்ந்தேன். ஒன்பதாவது முறை நான் எழுந்து நின்று கைதட்டியதாகத் தம்பி சொல்லக்கூடும். எல்லோரும் எழுந்துவிட்டபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும் என்பதே காரணம்.

4. மூன்று ஆண்டுகளுக்கு முன் பளிங்கு பதித்தபோது, என் மேடையின் பழைய தேக்குப் பலகைகளைப் பெயர்த்து வாசலில் போட்டிருந்தேன். தம்பி வந்து, "அண்ணா, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்றான். "குப்பைதானே, எடுத்துட்டுப் போடா" என்றேன். சாட்சிகள் உண்டு, எனக்கு எதிராக. அவன் அடியில் வெற்றிடம் விட்டு அதே பலகைகளால் மேடை போட்டுவிட்டான். அங்கே தாளம் தட்டினால் பாடுபவரின் உள்ளங்காலுக்கே வந்து சேருகிறதாம். என் அரங்கிலோ கைதட்டல்கூட மேடைக்கு எட்டுவதில்லை என்கிறார்கள்.

5. இந்த அரங்கை நான் கட்டியதே என் மனைவி பாடுவதற்காகத்தான். பளிங்கு பதித்த பின் அவள் ஒரே ஒரு முறைதான் பாடினாள். இறங்கி வந்து, "மேடை ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா கிணத்துல கல்லைப் போட்டுட்டு சத்தமே கேக்காத மாதிரி இருக்கு" என்றாள். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எதிர்ப்பக்கம் பாடப் போகிறாள். தெருவைக் கடக்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறாள். ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மனுவில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

6. இதுவரை எழுதியதை மனைவி படித்தாள். இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, "தம்பிகிட்ட பலகை கேக்கறதுக்கு ஆபீசரம்மா எதுக்கு? தெருவைத் தாண்டினா நாலு எட்டு" என்றாள். உண்மைதான். கேட்டால் அவன் மறுபேச்சில்லாமல் தந்துவிடுவான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

எனவே, தாங்கள் நேரில் ஆய்வு செய்து, மேற்படி கொட்டகையைப் பூட்டி, பலகைகளை என் வசம் ஒப்படைக்க ஆணையிடுமாறு மன்றாடுகிறேன். வரும் சனிக்கிழமை மாலை மட்டும் ஆய்வுக்கு வர வேண்டாம். அன்று அவள் பாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அரங்க உரிமையாளர்

நாள்: புதன்கிழமை
இடம்: அரங்க அலுவலகம், தெருப்பக்க ஜன்னல் அருகே

இணைப்பு: கொட்டகையின் நுழைவுச்சீட்டுகள், பாதி கிழித்தவை, பதினொன்று. பன்னிரண்டாவது வரும் சனிக்கிழமைக்கானது. அது என்னிடமே இருக்கட்டும்.