புளியங்கொட்டை விழுந்த சத்தம்

ஜமுனாமரத்தூர்
15.3.1988

என் கண்ணுக்கு,

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எனக்காகச் செய்த காதுக் கருவியை இயக்கிவிட்டு நீ “அம்மா” என்றாய். கேட்டதாகத் தலையாட்டினேன். உண்மையில் உன் உதட்டைத்தான் பார்த்தேன். காதுக்குள் வைத்த கம்பி வெறும் இரைச்சலைத்தான் தந்தது. இதற்காக நாலு வருஷம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவளிடம் அதை எப்படிச் சொல்வது?

ஊர் திரும்பியதும் சத்துணவு கெங்கம்மாள் என் இடுப்பில் மாட்டிய கருவிப் பெட்டியைப் பார்த்து, “இன்னா டீச்சர், இனிமே உங்கள வச்சிக்கினே உங்களப் பத்திப் பேச முடியாதா?” என்றாள். அதையும் உதட்டில்தான் படித்தேன்.

டி.பி.க்குப் போட்ட ஊசியால் என் காது போன நாளிலிருந்து, பிள்ளைகள் என்னைக் கூப்பிட என் காலடியில் புளியங்கொட்டை எறிவது உனக்குத் தெரியும். நேற்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்றது. திரும்பினேன். அம்சவல்லி குறி தவறி எறிந்த கொட்டை மேசைக்கு அப்பால் கிடந்தது.

“டீச்சருக்குக் கேட்டுச்சுடி! கொட்ட கால்கிட்டகூட வுழல!” என்று அவள் குதித்தாள்.

“என் பொண்ணு செஞ்சது” என்றேன். காது போன இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வகுப்பில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லையாம், கெங்கம்மாள் சொன்னாள்.

பேச்சு இன்னும் பிடிபடவில்லை. உன் கம்ப்யூட்டர், மனித மூளையைப் போலத் தப்புச் செய்துதான் சத்தங்களைப் பிரிக்கக் கற்கிறது என்றாயே, நானும் அப்படியே கற்கிறேன். கருவியைக் கழற்ற மாட்டேன்.

அந்தக் கொட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதன் சத்தத்தையும் உன் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடு. அடுத்த முறை வரும்போது, என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடு.

பெருமையோடு,
அம்மா